குருந்தமும் கருந்துளையும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரொன்றில் கருந்துளையைப் பற்றியும் விண்வெளித் தூசைப் பற்றியும் எழுதுவது முறையாகுமா என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். காப்பியமும் இலக்கணமும் சமயமும் பண்பாடும் நம் எல்லை. வானும் அணுவும் இயற்பியல் துறையின் எல்லை என்று வேலி கட்டிக்கொண்டு நெடுங்காலம் வாழ்ந்து பழகிவிட்டோம். அவ்வேலி நமக்கு நன்மை செய்யவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்து தமிழில் பயின்ற மாணவனுக்கு, பிறருக்கு எளிதில் வாய்க்காத ஒரு வாயில் வானியலில் திறந்து கிடக்கிறது. அவ்வாயில் இரண்டு கற்களாலும் ஒரு தமிழ்ச் சொல்லாலும் ஆனது. அதைக் காட்ட வேண்டிய கடமை இயற்பியல் ஆசிரியரைக் காட்டிலும் தமிழாசிரியருக்கே மிகுதி என்று நாம் கருதுகிறோம். அதனை நிறுவுவதற்கு முன், வானியல் இன்று அறிந்துள்ளதைச் சுருங்கக் காண்போம்.

தூசு என்னும் தொட்டில்

விண்மீன்களும் அவற்றினிடையே பரவிய வளியும் தூசும் ஈர்ப்பு விசையால் ஒன்றாகக் கட்டுண்டு சுழலும் பெருந்தொகுதியை விண்மீன் மண்டலம் என்கிறோம். நம் சூரியன் அடங்கிய பால்வீதி அத்தகையதொரு மண்டலம். விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் உள்ள பொருளில் மிகப் பெரும்பகுதி ஐதரசன், ஈலியம் ஆகிய வளிகளே. அவ்வளியின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே தூசு. அத்தூசும் நம் சாலையில் லாரி எழுப்பும் புழுதி போன்றதன்று. ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியது. மணலின் இனத்தைச் சார்ந்த சிலிக்கேட்டுகளும் கரியும் அதன் முதன்மையான பொருள்கள்.

கொல்லிமலையின் உச்சியிலோ போதமலையின் சரிவிலோ, நிலவும் மின்விளக்கும் இல்லாத கோடைக்கால நள்ளிரவில் தென்வானை நோக்குவோர், பால்வீதியின் வெண்பட்டையை இருள் கோடுகள் கிழித்திருப்பதைக் காணலாம். முற்கால வானியலார் அவ்விடங்களில் விண்மீன்களே இல்லை என எண்ணினர். அது வெற்றிடம் அன்று. தூசு போர்த்த இடம். தூசு ஒளியை மறைத்து மங்கச் செய்கிறது என்பதை ஐயமற நிறுவியவர் அமெரிக்க வானியலார் இராபர்ட் டிரம்ப்ளர், ஆண்டு 1930. அதே 1930-இல், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், முதிர்ந்த விண்மீனின் எடைக்கு ஒரு வரம்பு உண்டென்று கணக்கிட்டார். சூரியனைப் போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட எடையுள்ள வெண்குள்ளன் தன் ஈர்ப்பைத் தாங்கி நிற்க இயலாது என்பது அவர் கண்ட முடிவு. 1935-இல் எடிங்டன் என்னும் பேரறிஞர் அதை அவையில் எள்ளினார். ஆயினும் கணக்கு நின்றது. 1983-இல் நோபெல் பரிசும் வந்தது. தூசின் வரலாறும் கருந்துளையின் வரலாறும் இவ்வாறு ஒரே ஆண்டில் ஒரு திருப்பம் கண்டன.

தூசு ஒளியை மறைக்கும் என்ற அளவில் அதனை இழித்துக் கூறுதல் பொருந்தாது. விண்மீன் பிறக்க வேண்டுமாயின் வளி குளிர்ந்து இறுக வேண்டும். சுடுகின்ற புற ஊதாக் கதிர்கள் உட்புகாமல் காக்கும் போர்வை தூசே. தனித்தனியே திரியும் ஐதரசன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கூடி மூலக்கூறு ஆவதற்கு இடந்தருவதும் தூசுத் துகளின் மேற்பரப்பே. பிறந்த விண்மீனைச் சுற்றிக் கோள்கள் உருவாவதும் அதே தூசு திரண்டுதான். ஆதலின் தூசைத் திரை என்பதைவிடத் தொட்டில் என்பதே தகும். விண்மீன் மண்டலங்கள் தோன்றிய நாள்முதல் விண்மீன்கள் உமிழ்ந்த ஒளியில் ஏறத்தாழப் பாதியைத் தூசு விழுங்கி, அகச்சிவப்பு வெப்பக் கதிராகத் திருப்பித் தந்துள்ளது என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். கண்ணால் காணும் வானை மட்டும் நம்பியவர் பாதி வரலாற்றை இழந்தவர் ஆவர்.

மண்டலத்தின் நடுவே

பெரிய விண்மீன் மண்டலங்களின் நடுவே, சூரியனைப் போல் இலட்சக்கணக்கான மடங்கு முதல் நூற்றுக்கணக்கான கோடி மடங்கு வரை எடையுள்ள கருந்துளை அமைந்திருக்கிறது. நம் பால்வீதியின் நடுவில் இருப்பது ஏறத்தாழ 40 இலட்சம் சூரியன்களின் எடை கொண்டது. எம் 87 என்னும் மண்டலத்தில் இருப்பதோ 650 கோடி சூரியன்களின் எடையுடையது. அதன் நிழலைப் படம்பிடித்து 2019 ஏப்ரல் திங்களில் உலகுக்குக் காட்டினர். நம் பால்வீதிக் கருந்துளையின் படம் 2022 மே திங்களில் வெளியாயிற்று.

கருந்துளை தானாக ஒளிர்வதில்லை. அதனுள் வீழவிருக்கும் வளி, வீழுமுன் தட்டுப்போல் சுழன்று, உராய்ந்து, கொதித்து, மண்டலத்தின் விண்மீன்கள் அனைத்தையும் விஞ்சும் ஒளியை உமிழ்வதுண்டு. இவ்வாறு உண்டு ஒளிரும் நடுப்பகுதியைக் கொண்ட மண்டலங்களுள் சிலவற்றை 1943-இல் கார்ல் சைஃபர்ட் தொகுத்துக் காட்டினார். மிகத் தொலைவில் நின்று விண்மீன்போல் புள்ளியாய்த் தோன்றும் வலிய இனத்துக்குக் குவாசார் என்று பெயர். அவற்றுள் ஒன்றன் தொலைவை 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் முதலில் அறிந்தார்.

மேடைத் தமிழில் கருந்துளை என்பது விழுங்குவதற்கு மட்டுமே உவமையாகிவிட்டது. கடன் கருந்துளை, ஊழல் கருந்துளை என்றெல்லாம் பேசக் கேட்கிறோம். உண்மை இதனினும் நுட்பமானது. உண்ணும் கருந்துளை காற்றையும் பீற்றுகளையும் வெளியே வீசுகிறது. அக்காற்று விண்மீன் பிறக்க வேண்டிய வளியைச் சூடாக்கி அல்லது துரத்தி, மண்டலத்தை மலடாக்குவதுண்டு. வேறு சில இடங்களில் அதே பீற்று வளியை நெருக்கி, விண்மீன் பிறப்பைத் தூண்டுவதும் உண்டு. 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில், நம் தென்வானில் தாழத் தோன்றும் சென்டாரஸ் ஏ என்னும் மண்டலம் இதற்குச் சான்று. இருண்ட தூசுப் பட்டையொன்று குறுக்கே ஓடும் அம்மண்டலத்தில், நடுக் கருந்துளையினின்று எழும் பீற்றின் வழியோரத்தில் இளம் விண்மீன்கள் காணப்படுகின்றன. 2015-இல் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கியைக் கொண்டு நம் நாட்டு வானியலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். கெடுப்பதும் எடுப்பதும் ஒன்றே என்று மழைக்குச் சொன்ன தமிழ் மரபுக்கு இது புதிதாகத் தோன்றாது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. உலகில் விண்மீன் பிறப்பு மிக்கிருந்த காலம் ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுக்கு முற்பட்டது. கருந்துளைகள் மிகுதியாக உண்டு வளர்ந்த காலமும் அதுவே. இரண்டும் சேர்ந்தே எழுந்தன, சேர்ந்தே தாழ்ந்தன. மண்டலத்தின் நடுப்புடைப்பு பெரிதானால் கருந்துளையும் பெரிதாய் இருக்கிறது. ஆதலின் ஒன்றன் வளர்ச்சியை மற்றொன்று அறிந்தே நடக்கிறது என்று கருத இடமுண்டு. எவ்வாறு அறிகிறது என்பதே இன்றைய வானியலின் பெருவினாக்களுள் ஒன்று.

ஒரு திரை, இரு அடுப்பு

இவ்வினாவுக்கு விடை காண்பதில் தூசே தடையும் துணையும் ஆகிறது. பந்தலின் பின்னே இரண்டு அடுப்புகள் எரிகின்றன; திரை மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறது; திரையின் சூட்டைக் கொண்டு எந்த அடுப்பில் எவ்வளவு விறகு எரிகிறது என்று சொல்ல வேண்டும் என்றால் எவ்வளவு அருமை! ஓரடுப்பு புதிய விண்மீன்கள். மற்றையது கருந்துளையைச் சுற்றிய தட்டு. இரண்டின் ஒளியையும் தூசு விழுங்கி வெப்பமாகத் தருகிறது.

எனினும் இரண்டையும் பிரித்தறிய வழியுண்டு. இளம் விண்மீன்கள் சூடாக்கும் தூசு பெரும்பாலும் குளிர்ந்தது. நீண்ட அலைநீளங்களில் ஒளிர்வது. கருந்துளையை அணுகிச் சூழ்ந்த தூசு பல நூறு பாகை வெப்பம் கொண்டது. குறுகிய அகச்சிவப்பு அலைகளில் ஒளிர்வது. ஏறத்தாழ 1500 கெல்வினுக்கு மேல் தூசு நிலைக்காது ஆவியாகும். இதனால் கருந்துளைக்கு மிக அருகில் தூசற்ற வெளியும், அதற்கு அப்பால் தடித்த தூசு வளையமும் அமைகின்றன. நாம் வளையத்தின் பக்கவாட்டில் நின்று பார்த்தால் நடு மறையும். மேலிருந்து பார்த்தால் நடு தெரியும். வெவ்வேறு இனம் என்று முன்னோர் எண்ணிய மண்டலங்கள் பல, நோக்கும் கோணத்தால் வேறுபட்ட ஓரினமே என்று 1985-க்குப் பின் தெளிவாயிற்று. 1983-இல் ஏவிய ஐராஸ் முதல், ஸ்பிட்சர், ஹெர்ஷல் வழியாக, 2021 டிசம்பரில் ஏவிய ஜேம்ஸ் வெப் வரையிலான அகச்சிவப்புத் தொலைநோக்கிகள் யாவும் இத்திரையின் சூட்டை அளப்பதில் பெரும்பங்கு கொண்டவையே.

குவாசாரின் காற்றில் கிடைத்தவை

இனி நாம் சொல்லப்புகுந்த செய்திக்கு வருவோம். தூசு எங்கே உண்டாகிறது? சூரியனை ஒத்த விண்மீன்கள் முதுமையில் ஊதி வீங்கி, தம் மேலடுக்கை வெளிவிடும்போது அது குளிர்ந்து தூசாகிறது என்பது பழைய விடை. ஆனால் அத்தகைய விண்மீன் முதுமை அடையப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். உலகம் தோன்றி நூறு கோடி ஆண்டும் நிரம்பாத காலத்துக் குவாசார் ஒன்றில் பெருமளவு தூசு இருப்பதை 2003-இல் கண்டறிந்தபோது அவ்விடை போதவில்லை. விரைந்து வாழ்ந்து வெடித்து மடியும் பெருவிண்மீன்கள் தூசு தரும் என்பது ஒரு விடை. 1987-இல் நம் கண்காண வெடித்த விண்மீனின் எச்சத்தில் தூசு இருப்பதை 2011-இல் ஹெர்ஷல் தொலைநோக்கி காட்டியது. கருந்துளை வீசும் காற்றிலேயே தூசு விளையக்கூடும் என்பது மற்றொரு விடை.

இம்மற்றொரு விடைக்கு 2007-இல் ஒரு சான்று கிடைத்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழக வானியலார் தலைமையிலான குழுவினர், ஸ்பிட்சர் தொலைநோக்கியின் நிறமாலையைக் கொண்டு, பி.ஜி. 2112+059 என்னும் குவாசாரின் காற்றில் உள்ள தூசின் கனிமங்களை இனம் கண்டனர். அது 800 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அங்கே அவர்கள் கண்ட கனிமங்களுள் மூன்று நமக்கு முதன்மையானவை. ஒன்று, மக்னீசியம் மிகுந்த ஒலிவின். இரண்டு, மக்னீசியம் ஆக்சைடாகிய பெரிக்ளேஸ். மூன்று, அலுமினியம் ஆக்சைடாகிய குருந்தம். இத்தகைய தூய படிகங்கள் விண்வெளிக் கதிர்வீச்சில் நெடுங்காலம் நிலைப்பதில்லை. ஆதலின் அவை அக்காற்றிலேயே அண்மையில் விளைந்தவை என்று அக்குழுவினர் முடிவு செய்தனர். ஒரு குவாசாரின் சான்று எல்லாவற்றுக்கும் விடையாகாது. வெடித்த விண்மீனின் பங்கு எவ்வளவு, கருந்துளைக் காற்றின் பங்கு எவ்வளவு என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை. எனினும் அம்மூன்று பெயர்களைக் கேட்ட அளவில் நம் சமவெளியார் நெஞ்சம் துணுக்குற வேண்டும். ஏன் எனில், அம்மூன்றும் நம் வீட்டு வாசலில் கிடப்பவை.

நம் மண்ணின் கற்கள்

சேலம் நகரிலிருந்து ஏற்காடு செல்லும் திசையிலும் கருப்பூர்ப் பக்கத்திலும் தரையில் வெள்ளை நரம்புகள் ஓடும் குன்றுகளை யாவரும் கண்டிருப்பர். ஆங்கிலேயர் அவற்றைச் சுண்ணக் குன்றுகள் என்று பெயரிட்டனர். அது சுண்ணாம்பு அன்று, மக்னீசியம் கார்பனேட்டு. நம் மக்கள் அதனை வெள்ளைக்கல் என்பர். இவ்வெள்ளைக்கல் எதிலிருந்து விளைந்தது? டியூனைட் என்னும் பாறையிலிருந்து. டியூனைட் ஏறத்தாழ முழுவதும் ஒலிவினால் ஆன பாறை. குவாசாரின் காற்றில் கண்ட முதற்கனிமம் அதுவே. வெட்டியெடுத்த வெள்ளைக்கல்லைச் சூளையில் மிகுந்த வெப்பத்தில் சுட்டால் கரியமிலவாயு நீங்கி மக்னீசியம் ஆக்சைடு எஞ்சும். எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு அதுவே செங்கல்லாகும். அதன் கனிமப் பெயர் பெரிக்ளேஸ். குவாசாரின் காற்றில் கண்ட இரண்டாம் கனிமம் அது. சேலத்துச் சூளைத் தொழிலாளி, கருந்துளை தன் காற்றில் சமைத்த பொருளையே தன் சூளையிலும் சமைத்தான் என்று சொன்னால் அது மிகையன்று, வேதியியல் உண்மை.

மூன்றாவது குருந்தம். 1997-இல் சேலத்தினின்றும் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், பரமத்தி வேலூருக்கு அணித்தாகச் சித்தம்பூண்டி என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பாறைத்தொகுதி 250 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பழைமையுடையது. நில இயலார் உலகெங்கும் அறிந்தது. அப்பாறையில் செந்நிறமும் சாம்பல் நிறமும் பெற்ற குருந்தக் கற்கள் பதிந்துள்ளன. நிலவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்த அனார்த்தசைட்டு இங்கும் அருகிலுள்ள குன்னமலையிலும் கிடைப்பதால், அதனைப் பொடித்து நிலவு மண்ணுக்கு மாற்றாக்கி, சந்திரயான்-2 திட்டத்தின் சோதனைகளுக்கு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் பயன்கொண்டனர். சேலம் பெரியார் பல்கலைக்கழக நில இயல் துறையினர் அப்பணியில் துணைநின்றனர். நிலவுக்கு நாமக்கல் மண் சான்று கூறியது என்று அப்போது நாளேடுகள் எழுதின. குவாசாருக்கும் அதே மண் சான்று கூறுகிறது என்பதை எவரும் எழுதவில்லை.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். சித்தம்பூண்டிக் குருந்தம் குவாசாரிலிருந்து வந்து விழுந்ததன்று. அது பூமியின் ஆழத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் விளைந்தது. பொருளும் படிக அமைப்பும் ஒன்று. பிறந்த வழி வேறு. ஆயினும் இரண்டிலும் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் பெருவிண்மீன்களின் வயிற்றில் விளைந்த தனிமங்களே. அக்குவாசாரின் ஒளி புறப்பட்ட நாளில் நம் சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. சூரியன் பிறந்து 460 கோடி ஆண்டுகளே ஆயின.

சொல்லின் பயணம்

கல்லின் செய்தி இது. சொல்லின் செய்தி இதனினும் சிறப்புடையது. உலக அறிவியல் நூல்கள் அனைத்தும் அலுமினியம் ஆக்சைடுப் படிகத்தைக் கொரண்டம் என்னும் பெயரால் வழங்குகின்றன. ஆங்கில அகராதிகள் அச்சொல்லின் பிறப்பைத் தமிழ்க் குருந்தத்தில் காட்டுகின்றன. வடமொழிக் குருவிந்தத்தோடு அதற்குள்ள உறவையும் குறிக்கின்றன. 1798-இல் சார்லஸ் கிரெவில் என்பார் இலண்டன் ராயல் கழகத்தின் ஏட்டில் ஆசியக் குருந்தக்கல்லைப் பற்றி விரிவாக எழுதிய காலந்தொட்டு அப்பெயர் ஐரோப்பியரிடையே நிலைபெற்றது. நம் இலக்கியத்துக்கும் இது அயலன்று. சிலப்பதிகார ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடை வீதியின் மாணிக்க வகைகளுள் விந்தம் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. உரையாசிரியர் அதனைக் குருவிந்தம் என்பர். மாணிக்கமும் நீலமும் வேதியியலில் குருந்தத்தின் இரு நிறங்களே. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம் வணிகர் இலங்கையின் நீலத்தையும் மாணிக்கத்தையும் தலைமுறை தலைமுறையாக வாங்கி விற்று வாழ்ந்தனர். நிறங்கெட்ட குருந்தமோ சாணைக்கல் ஆயிற்று. அரிவாளும் கத்தியும் அதில் தீட்டப்பட்டன.

கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதியில் ஏறின என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். 800 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள பொருளை உலக அறிவியலார் ஒரு தமிழ்ச் சொல்லால் அழைக்கின்றனர் என்பதைப் பேசுவதில்லை. அதனினும் வருந்தத்தக்கது, நம்மவர் பலர் அதனை ஆங்கிலச் சொல்லென்றே எண்ணிக் கொரண்டம் என எழுதக் காண்பது. வீட்டை விட்டுச் சென்ற பிள்ளை பெரும்புகழோடு திரும்பி வந்து வாசலில் நிற்க, விருந்தாளி என்று எண்ணிப் பாய் விரிப்பது போன்றது இது.

இச்சொல் உலகை அடைந்தது எதனால்? தமிழ் தொன்மையானது என்பதால் அன்று. இனிமையானது என்பதாலும் அன்று. கல்லை வெட்டியவன், தீட்டியவன், விற்றவன் தமிழில் பேசினான். வாங்கியவன் பொருளோடு பெயரையும் கொண்டு சென்றான். சொல் பொருளோடு போகும். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் எத்துணை நல்ல சொற்களை ஆக்கினும், பொருளைக் கையாளும் கையும் பேசும் வாயும் இல்லாவிடின் அச்சொற்கள் அகராதியில் உறங்கும். அறிவியல் தமிழின் நோய் சொற்பஞ்சம் அன்று, பேசுவோர் பஞ்சமே.

இரு சோம்பல்கள்

இவ்வழியில் நம்மைத் தடுப்பவை இரண்டு சோம்பல்கள். ஒன்று, எல்லாம் நம் முன்னோர் அறிந்தவையே என்பது. கருந்துளை எங்கள் இலக்கியத்தில் உண்டு, எங்கள் வேதத்தில் உண்டு என்று ஒவ்வொரு கண்டுபிடிப்புக்குப் பின்னும் சிலர் வரிகளைத் தேடி எடுக்கின்றனர். கண்டுபிடிப்புக்கு முன் அவ்வரியைக் கொண்டு எவரும் எதையும் கண்டதில்லை. முன்னோரை மதிப்பது அதுவன்று. 964-ஆம் ஆண்டில் பாரசீக வானியலார் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி, தம் விண்மீன் நூலில், இன்று ஆண்ட்ரோமேடா என்று நாம் அறியும் மண்டலத்தைச் சிறு மேகம் என்று குறித்தார். கண்டதைக் கண்டபடி எழுதினார், காணாததைக் கூட்டவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து எட்வின் ஹபிள் அதனை வேறொரு விண்மீன் மண்டலம் என்று நிறுவியபோதும் அஸ்-ஸூஃபியின் குறிப்பு பொய்க்கவில்லை. முன்னோர்வழி என்பது இந்த நேர்மையே.

மற்றொரு சோம்பல், தமிழால் இயலாது என்பது. ஆங்கிலம் இருக்கையில் தமிழில் வானியல் எதற்கு, அதனால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது இயல்பே. ஆங்கிலம் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. சந்திரசேகரும் ஆங்கிலத்தில் எழுதினார். கோயமுத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் பிரியம்வதா நடராசனும் ஆங்கிலத்திலேயே எழுதுகிறார். விண்மீன் ஆகாமலே வளிமுகில் நேரே சரிந்து பெருங்கருந்துளை பிறக்கலாம் என்று அவர் வகுத்த கருத்துக்கு, 2023-இல் யு.எச்.இசட். 1 என்னும் தொல்மண்டலத்தில் ஆதரவு கிடைத்தது. அக்கருந்துளையைக் காட்டிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் பெயரே சந்திரா.

ஆனால் நம் வகுப்பறையின் நிலை என்ன? ஓமலூர், சங்ககிரி, இராசிபுரம், ஆத்தூர்ப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைகள் வருகின்றனர். நம் சமுதாயப் பெண்மக்களும் அவ்வாறே முதல் தலைமுறையாக வருகின்றனர். பள்ளியில் தமிழில் நன்கு அறிவியல் கற்ற பிள்ளை, முதற்பருவத்தில் ஆங்கிலத்தின் முன் வாயடைத்து நிற்கிறது. அது மொழியின் தடை. அறிவின் குறை அன்று. ஆனால் அப்பிள்ளை அதனை அறிவின் குறை என்றே எண்ணிக்கொள்கிறது. அறிவியல் நமக்கு வராது என்னும் முடிவு சில திங்களில் நெஞ்சில் ஊன்றிவிடுகிறது. வினாக் கேட்கும் பழக்கம் அன்றோடு அவிகிறது. நாம் அஞ்சுவது இவ்விழப்பையே. தமிழில் ஒரு முறை விளங்கியதை ஆங்கிலத்தில் ஓராண்டில் கற்றுக்கொள்ளலாம். ஒரு முறையும் விளங்காததை எம்மொழியிலும் கற்க இயலாது.

செய்யத்தக்கவை

குறை கூறி நிற்பது ஆசிரியர்க்கு அழகன்று. நம் கைக்கெட்டிய அளவில் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, பகுதி ஒன்று தமிழ்ப் பாடம் எல்லாத் துறை மாணவரும் பயில்வது. அதன் உரைநடைப் பகுதியில், தம் மாவட்டத்து மண்ணோடு தொடர்புடைய அறிவியல் கட்டுரை ஒன்றேனும் இடம்பெற வேண்டும். இயற்பியல் ஆசிரியர் பொருளைச் சரிபார்க்க, தமிழாசிரியர் நடையைச் செப்பம் செய்யலாம்.

இரண்டாவது, தமிழிலக்கிய மாணவர் தம் ஆய்வேட்டுக்கு அதே பத்துக் காப்பியங்களை மீண்டும் மீண்டும் நாடாமல், வெள்ளைக்கல் சுரங்கத்திலும் சூளையிலும் உழைத்த முதியோரிடமும் சாணை பிடிப்போரிடமும் சென்று, கல்லின் வகைக்கும் நிறத்துக்கும் உடைப்புக்கும் அவர்கள் வழங்கும் சொற்களைத் திரட்ட வேண்டும். அம்முதியோர் மறைந்தால் அச்சொற்களும் மறையும்.

மூன்றாவது, கல்விச் சுற்றுலா என்று கடற்கரைகளுக்குச் செல்லும் பேருந்து ஒருமுறையேனும் சித்தம்பூண்டிக்கும் சவ்வாது மலைக் காவலூருக்கும் திரும்பட்டும். வைணு பாப்பு இடந்தேர்ந்து அமைத்த காவலூர் வானாய்வகத்தில், 1972-இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி நிறுவப்பெற்றது. 1977-இல் யுரேனசு கோளின் வளையங்களை உலகம் அறிந்த நாளில் அவ்வாய்வகமும் அதனை நோக்கியிருந்தது. நம் நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர்த் தொலைநோக்கியை 1986 சனவரி திங்களில் பிரதமர் இராஜீவ் காந்தி தொடங்கிவைத்து, அதற்குப் பாப்புவின் பெயரைச் சூட்டினார். 1988-இல் அங்கே கண்ட சிறுகோள் ஒன்று கணித மேதை இராமானுசன் பெயர் தாங்குகிறது. இத்தனையும் நம் சமவெளிக்கு வடகிழக்கே எட்டும் தொலைவில் உள்ளன.

நான்காவது, சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாப் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, கல்லூரி மாடியில் ஒரு சிறு தொலைநோக்கியை அமைத்துத் தாருங்கள். பொன்னாடை பேழையில் மடங்கும். தொலைநோக்கி ஆண்டுதோறும் நூறு கண்களைத் திறக்கும்.

தூசு என்று உலகம் ஒதுக்கியதில்தான் விண்மீன் பிறக்கிறது என்பதை வானியல் காட்டிவிட்டது. சிற்றூர்ப் பிள்ளை என்றும், தமிழில் படித்தவன் என்றும், முதல் தலைமுறை என்றும் நாம் ஒதுக்குவோரிடையே எத்தனை ஒளி அடங்கியிருக்கிறது என்பதை அறிய, அப்பிள்ளைக்கு விளங்கும் மொழியில் முதலில் பேசிப் பார்ப்போம். குருந்தம் என்னும் சொல்லை அதன் பொருளோடும் வரலாறோடும் வரும் கல்வியாண்டில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு முறையேனும் சொல்வோமாக. அதுவே நல்ல தொடக்கம்.